தனோட் மாதா சந்நிதியில் ஒரு மாலை

தனோட் மாதா கோயிலில் அன்று மாலை ஆரத்தித் தட்டை ஏந்தி நின்றவர் பரம்பரை அர்ச்சகர் அல்லர். எல்லைப் பாதுகாப்புப் படையின் ஜவான். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர், மணலும் முட்புதரும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத சாலையில் வந்து சேர்ந்த எங்களுக்கு அவர் கையால் கிடைத்த குங்குமம் தனி நிறைவைத் தந்தது. நித்திய பூஜை முதல் பிரசாதம் வரை இங்கு எல்லாம் படைவீரர்களின் பொறுப்பு.

1965 இந்திய-பாகிஸ்தான் போரில் இவ்வட்டாரத்தில் சுமார் 3,000 பீரங்கிக் குண்டுகள் விழுந்தன என்றும், கோயில் எல்லைக்குள் விழுந்த 450 குண்டுகள் வெடிக்கவேயில்லை என்றும் அங்கு சொல்கிறார்கள். அவற்றுள் சிலவற்றைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை ஆராய எனக்கு மனம் வரவில்லை. வெடிக்காத குண்டுகளின் பக்கத்தில் நாள்தோறும் விளக்கேற்றுகிறவருக்கு, அடுத்த குண்டு விழும்போதும் நிலைகுலையாமல் நிற்க அந்த நம்பிக்கை கைகொடுக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆனால், ஆபத்து வேளையில் மாதாவைத்தான் நினைப்பீர்களா என்று இந்தியில் கேட்டதற்கு அந்த ஜவான் சொன்ன விடை வேறாக இருந்தது. "ரோந்துக்குக் கிளம்பும்போது மாதாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவோம், ஐயா. இருட்டுக்குள் போன பிறகு நினைப்பெல்லாம் பக்கத்தில் நடக்கிறவன் மேல்தான்."

மறுநாள், அதே எல்லைப் பகுதியில் 1971 போர் நடந்த லோங்கேவாலாவில் நின்றபோது அந்தச் சொல்லே மனத்தில் ஓடியது. 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 23ஆவது பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 120 பேரும், பாகிஸ்தானின் டாங்குப் படை திரண்டு வந்தும் இடத்தைவிட்டு அகலாமல், விடிந்து நம் விமானப்படையின் ஹண்டர் போர் விமானங்கள் வரும் வரை தாக்குப்பிடித்த மணல் மேடு இது. அந்த ரெஜிமென்ட்டில் சீக்கியருக்கு 'ஜோ போலே ஸோ நிஹால், ஸத் ஸ்ரீ அகால்' என்பதும் ஜம்மு வட்டாரத்து டோக்ராக்களுக்கு 'போல் ஜ்வாலா மா கீ ஜெய்' என்பதும் தெய்வத்தைப் போற்றும் போர் முழக்கங்கள். முழக்கம் இரண்டானாலும் இருவரும் காப்பது ஒரே பட்டாளத்தின் மானத்தை. 'நாம், நமக், நிஷான்', அதாவது பெயர், உப்பு, கொடி என்று ராணுவத்தில் சொல்வதில் தெய்வம் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, அந்த உப்பின் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாகிஸ்தானின் 'பாட்டன்' வகை டாங்குகளைத் தகர்த்து உயிர்நீத்து, போர்க்கால வீரத்துக்கான உயரிய விருதான பரம்வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீது, 'ஸர்வதா சக்திசாலி', அதாவது எப்போதும் வலிமை மிக்கவர் என்று முழங்கும் கிரெனேடியர்ஸ் படையைச் சேர்ந்தவர். மதராஸ் ரெஜிமென்ட்டின் 'வீர மதராசி, அடி கொல்லு' என்பதிலும் சாமி பெயர் கிடையாது. அதை முழங்குகிறவரின் நெற்றியில் திருநீறு இருக்கலாம், கழுத்தில் சிலுவையும் இருக்கலாம்.