சிவப்பு வாசலில் இறங்கி, அன்னாவைத் தேடிப் போன கதை

மாஸ்கோ மெட்ரோவைச் சுற்றிப் பார்ப்பவர்கள் எல்லோரும் கொம்சொமோல்ஸ்கயா நிலையத்தின் மஞ்சள் கூரையின் கீழ் கூட்டமாக நின்று படம் எடுப்பார்கள். நானும் எடுத்தேன். அப்புறம் சிவப்பு வழித்தடத்தில் ஏறி அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிட்டேன். கிராஸ்னியே வரோத்தா. 'சிவப்பு வாசல்' என்று பொருள். அந்த வாசலை 1920களிலேயே இடித்துவிட்டார்கள், பேர் மட்டும் மிச்சம்.

1935 மே 15 அன்று மெட்ரோ முதன்முதலில் ஓடியபோதே திறந்த நிலையம் இது. கருஞ்சிவப்புப் பளிங்குத் தூண்கள், குறைவான ஆட்கள், நல்ல அமைதி. மேலே வந்தால் நுழைவாயில் சங்கைப் பிளந்து வைத்தது போல வளைவுக்குள் வளைவாக நிற்கிறது. சுற்றுலாக்காரர் யாரும் இல்லை. நான் வந்தது பளிங்குக்காக அல்ல, இதன் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்காக.

அன்னா யெகோரவா. 1916இல் த்வேர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். மாஸ்கோவுக்கு வந்து மெட்ரோ கட்டுமானத்தில் சேர்ந்தார். கம்பி கட்டும் வேலை. நம்ம ஊரில் 'கம்பி கட்டுற கதை' என்றால் வேறு அர்த்தம். இவர் கட்டியது நிஜமான கான்கிரீட் கம்பி. பகலெல்லாம் மண்ணுக்கு அடியில் உழைத்தவர், அதே மெட்ரோ தொழிலாளர்களுக்கான விமானச் சங்கத்தில் சேர்ந்து பறக்கக் கற்றுக்கொண்டார்.

நேராக மேலே போய்விடவில்லை. 1938இல் அண்ணன் வசீலியை 'மக்கள் விரோதி' என்று கைது செய்தார்கள். அதைச் சொல்லி உல்யனோவ்ஸ்க் விமானப் பள்ளியிலிருந்து தங்கையை வெளியேற்றினார்கள். வேறு ஊர், வேறு வேலை, வேறு பள்ளி என்று சுற்றி, மறுபடி விமானத்தில் ஏறினார். போர் வந்ததும் முதலில் துணி போர்த்திய சின்ன இரட்டைச் சிறகு விமானத்தில் தகவல் கொண்டுபோகும் வேலை. பிறகு கேட்டு வாங்கிக்கொண்டு போனது இல்-2 தாக்குதல் விமானத்துக்கு, 805ஆம் படைப்பிரிவுக்கு.

இல்-2 பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். சோவியத் ஒன்றியம் 36,000க்கும் மேல் கட்டிய விமானம் இது. டாங்கிகளையும் ரயில்களையும் தாக்க மரங்களுக்கு மேலே தாழப் பறக்கும், கீழிருந்து சுடாதவன் பாவி. அதனால் என்ஜினையும் விமானியையும் சுற்றி எஃகுக் கவசம். பின்னால் உட்கார்ந்து சுடுபவருக்கு மட்டும் அந்தக் கவசக் கூட்டுக்குள் இடம் கிடையாது. ஒற்றை இருக்கையோடு வந்த விமானத்தில், எதிரிப் போர் விமானங்கள் பின்னாலிருந்து அடித்ததால், பிற்பாடு சேர்த்த இருக்கை அது. யெகோரவாவுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் ஒரு பெண்தான், துஸ்யா நஸார்கினா. 1944 ஆகஸ்டில் போலந்தில், விஸ்துலா ஆற்றுப் பக்கம் விமானம் சுடப்பட்டபோது துஸ்யா இறந்துபோனார். யெகோரவா எரிந்த உடம்போடு கீழே விழுந்து ஜெர்மானியர் கையில் சிக்கினார்.

படையில் அவர் செத்துவிட்டதாகவே முடிவு கட்டினார்கள். கிராமத்தில் இருந்த அம்மாவுக்கு மரணச் செய்தி போனது. அந்நாட்டின் மிக உயர்ந்த விருதான 'சோவியத் ஒன்றியத்தின் வீரர்' பட்டத்துக்கு, இறந்தவர் என்ற கணக்கில் பரிந்துரையும் எழுதினார்கள்.

அவர் கிடந்தது க்யூஸ்ட்ரின் கைதி முகாமில். அங்கே கைதியாகவே இருந்த மருத்துவர் கியோர்கி சின்யாகவ் அவரைப் பிழைக்க வைத்தார். அதுவரை வாங்கியிருந்த பதக்கங்களையும் கட்சி அட்டையையும் சக கைதிகள் ஒளித்துக் காப்பாற்றினார்கள். 1945 ஜனவரி 31 அன்று சொந்தப் படையே வந்து முகாமைத் திறந்தது. திறந்த கையோடு, எதிரியிடம் ஏன் உயிரோடு இருந்தாய் என்று சோவியத் ராணுவத்தின் ஸ்மேர்ஷ் உளவுத்துறை நாள்கணக்கில் விசாரித்தது.

இதை நினைத்துக்கொண்டே மறுபடி ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் லுப்யான்கா. ரகசியப் போலீசின் தலைமையகம் இருந்த இடம். அவரை விசாரித்தது இங்கே அல்ல, போர்முனைப் பக்கத்தில். இருந்தாலும் கதவு திறந்து மூடும்வரை எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

நூலக நிலையத்தில் மாறி, நீல வழித்தடத்தில் பார்க் பபேதி. 'வெற்றிப் பூங்கா' என்று பொருள், வெற்றி அருங்காட்சியகம் இங்கேதான். தரைக்கு 84 மீட்டர் கீழே இருக்கும் நிலையம். மேலே வருவதற்குள் நகரும் படிக்கட்டில் ஒருவர் சாண்ட்விச் ஒன்றைத் தின்று முடித்தார். (பயணிகளுக்கு ஒரு தகவல்: நம் வங்கி அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்யாது. ரூபிளாகக் கையில் வைத்திருங்கள். நுழைவுச்சீட்டு வாங்குமிடத்தில் நான் பட்ட அசடு உங்களுக்கு வேண்டாம்.)

வெற்றி அருங்காட்சியகத்தின் புகழ் மண்டபம் வட்டமானது, முழுக்க வெள்ளைப் பளிங்கு, நடுவில் வெண்கலச் சிப்பாய். சுவரெல்லாம் வீரர் பட்டம் பெற்றவர்களின் பெயர்கள், 11,800க்கும் மேல். அகர வரிசை.

யெகோரவாவுக்கு அந்தப் பட்டம் 1965 மே 6 அன்றுதான் வந்தது. லெனின் பதக்கமும் தங்க நட்சத்திரமும். 1961இல் 'லிதெரதூர்னயா கசேத்தா' என்ற செய்தித்தாள் அவர் கதையை எழுதிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. அப்போதும் அவர் அதிகம் பேசியது மருத்துவர் சின்யாகவைப் பற்றி. செத்தவர் என்று நினைத்தபோது பரிந்துரைத்த பட்டத்தை, உயிரோடு வந்தவருக்குத் தர இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. எனக்கு இது தாமதமாகப் படவில்லை, தண்டனையாகத்தான் படுகிறது.

'யெ' எழுத்தில் ஆரம்பித்தேன். ரஷ்ய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். யெகோரவ், யெகோரவ், யெகோரவ்... வரிசையாக ஆண்கள். கழுத்து வலித்தது. அப்புறம்தான் உறைத்தது, போருக்குப் பின் தன் படை டிவிஷனின் தளபதியாக இருந்த திமஃபேயவைத்தானே மணந்தார்! பட்டம் வாங்கும்போது அவர் திமஃபேயவா. 'த' வரிசை வட்டத்தின் அந்தப் பக்கம் இருந்தது. நடக்கத் தொடங்கியபோது மூடும் நேரம் என்று காவலர் பாட்டி ஒருவர் கையைக் காட்டினார்.