கேமராக் கடிகாரங்களைச் சரிசெய்த அனுபவம்: பிழையின் அளவே முதல் தடயம்

வீட்டுப் பாதுகாப்புக் கேமராக்களின் கடிகாரம் தவறாக ஓடிக்கொண்டிருப்பது, பதிவான காட்சி ஒன்றைத் தேடி எடுக்க வேண்டிய நாள் வரும்வரை பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. வாசல் கேமராவில் நுழைந்த ஒருவர் பல மணி நேரம் கழித்தே கொல்லைப்புறக் கேமராவில் நடமாடியதாகத் திரையில் இருந்த நேரங்கள் சொல்லின. படிக்கட்டுக் கேமராவோ அந்த நாளை 2000-ஆம் ஆண்டு ஜனவரி மாதமாகவே காட்டியது. வலைப்பின்னலில் இணைந்த சில கேமராக்கள், அவற்றின் காட்சிகளைச் சேமிக்கும் என்விஆர் என்ற பதிவுக் கருவி, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ரௌட்டர் என்று அமைந்த சாதாரண ஏற்பாடுதான் அது. அதைச் சரிசெய்யும் வேலையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது, எதையும் திருத்துவதற்கு முன்னால் அளந்து பார்த்ததுதான். ஒரு கடிகாரம் எவ்வளவு தவறியிருக்கிறது, எந்தப் பக்கம் தவறியிருக்கிறது, அந்தத் தவறு நாளுக்கு நாள் வளர்கிறதா அல்லது அப்படியே நிற்கிறதா என்பவை தெரிந்துவிட்டால், காரணத்தில் பெரும்பகுதி அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது.

அளப்பதற்கு, நேரலைக் காட்சியைக் கைபேசியின் கடிகாரத்தோடு ஒப்பிடுவது போதாது. படம் கேமராவுக்குள் சுருக்கப்பட்டு, வலைப்பின்னலைக் கடந்து, திரையில் விரிவதற்குள் ஓரிரு விநாடிகள் கழிந்துவிடக்கூடும் என்பதால், சரியாக ஓடும் கேமராகூடப் பின்தங்கியது போலத் தோன்றும். எனவே தானியங்கி நேரம் இயக்கப்பட்ட கைபேசியில் விநாடிகளும் தெரியும் கடிகாரத்தைத் திறந்து, அதை ஒவ்வொரு கேமராவின் முன்னும் சிறிது நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்தப் பதிவை ஓடவிட்டு நிறுத்தியபோது, கேமரா தன் படத்தின் மேல் எழுதிய நேரமும் கைபேசி காட்டிய நேரமும் ஒரே சட்டகத்துக்குள் கிடைத்தன. அங்கே தாமதம் என்ற கேள்விக்கே இடமில்லை. அந்தச் சட்டகங்களைப் படங்களாகச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய வேறுபாட்டை எழுதிவைத்தேன். படத்தோடு கலந்து பதிவாகிவிட்ட எழுத்தைப் பின்னால் மாற்ற முடியாது. பழைய காட்சி ஒன்று சாட்சியமாகத் தேவைப்பட்டால், அது உண்மையில் எப்போது நிகழ்ந்தது என்று கணக்கிட இந்தக் குறிப்புதான் உதவும். கடிகாரத்தைத் திருத்திய பிறகு இதை எடுக்க வழியே இல்லை என்பதால், இந்த ஒரு வேலையை முதலில் செய்துவிடுமாறு யாருக்கும் வலியுறுத்திச் சொல்வேன்.

அளக்கும்போதே இன்னொன்றும் தெளிவாகியது. படத்தின் மூலையில் தெரியும் நேரம் கேமராவின் கடிகாரத்திலிருந்து வருகிறது; பதிவுகளைத் தேடும்போது கீழே ஓடும் காலக்கோடோ பதிவுக் கருவியின் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. இரண்டும் வேறு வேறு கடிகாரங்கள். காலக்கோட்டில் ஒரு நேரத்தைத் தொட்டால் படத்தில் வேறொரு நேரம் தெரிவதற்கு இதுவே காரணம். ஆகவே கேமராக்களை மட்டும் அளந்துவிட்டு நிற்காமல், பதிவுக் கருவியின் நேரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேறுபாடு விநாடி பிசகாமல் முழு மணிக்கணக்கிலோ, அரை மணியும் கால் மணியும் சேர்ந்த ஒழுங்கான அளவிலோ இருந்தால், கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது, நேர மண்டலம்தான் தவறு என்று பொருள். சரியாக 12 மணி நேரம் தவறியிருந்தால், கையால் நேரத்தை இட்டபோது முற்பகலும் பிற்பகலும் மாறிவிட்டன. கோடையில் மட்டும் ஒரு மணி நேரம் தவறினால், அது சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைக்கும் கோடைக்கால நேர மாற்றத்தின் வேலை. சில நிமிடங்கள் தவறி, அந்தத் தவறு மாதந்தோறும் வளர்ந்தால், கடிகாரத்தைத் திருத்த யாருமே இல்லை. 1970 அல்லது 2000 போன்ற ஆண்டுகள் தெரிந்தால், மின்சாரம் போனபோது கேமரா நேரத்தை மறந்துவிட்டது. பிறகு அதற்கு யாரும் நினைவூட்டவும் இல்லை. எங்கள் வீட்டுக் கேமராக்கள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒவ்வொரு வகையைச் சேர்ந்தவையாக இருந்தது, ஒரு விதத்தில் நல்லதாகவே போயிற்று.

வாசல் கேமராவின் பிழை, உள்ளூர் நேரத்துக்கும் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் அளவே இருந்தது. கேமரா தனக்குள் உலகப் பொது நேரத்தையே வைத்துக்கொண்டு, நாம் தேர்ந்தெடுக்கும் நேர மண்டலத்தை அதோடு கூட்டியோ கழித்தோ காட்டுகிறது. அதில் நேர மண்டலம் தொழிற்சாலை அமைப்பிலேயே விடப்பட்டிருந்தது. இந்த நிலையில் கடிகாரத்தைக் கையால் முன்னே நகர்த்தினால் அப்போதைக்குச் சரியாகத் தெரியும். ஆனால் அடுத்த முறை இணையத்திலிருந்து நேரம் வாங்கியவுடன் பழைய பிழை அப்படியே திரும்பிவிடும். முதலில் மண்டலம், பிறகு நேரம் என்ற வரிசையை மாற்றாமல் செய்தபோது அது ஒரே முறையில் தீர்ந்தது. சில கேமராக்களில் மண்டலத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க முடியாது, எழுத்துத் தொடராக உள்ளிட வேண்டியிருக்கும். யூனிக்ஸ் என்ற பழைய கணினி இயங்குதளத்தின் மரபிலிருந்து வந்த அந்த வடிவத்தில் கூட்டல் கழித்தல் குறிகள் தலைகீழாக இருக்கும். உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும் மண்டலத்தை அங்கே கழித்தல் 5:30 என்று எழுத வேண்டும். இதை அறியாமல் கூட்டல் இட்டால் பிழை பதினொரு மணி நேரமாகிவிடும்.

படிக்கட்டுக் கேமராதான் அதிக வேலை வாங்கியது. பல கேமராக்களில் நேரத்தைக் காக்கும் பேட்டரி கிடையாது. மின்சாரம் போனால் அவற்றின் கடிகாரம் தொடக்க ஆண்டுக்குப் போய்விடும். மீண்டும் மின்சாரம் வரும்போது, என்டிபி என்ற நேர நெறிமுறையின் வழியாக ஒரு சர்வரிடம் கேட்டுத்தான் அவை நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்டிபி அந்தக் கேமராவில் இயக்கத்தில் இருந்தது. சர்வரின் பெயரும் பிழையில்லாமல் இருந்தது. ஆனாலும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் தோல்வி என்றே வந்தது. வலைப்பின்னல் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, நிலையான ஐபி முகவரி கொடுக்கப்பட்டிருந்த அந்தக் கேமராவில் டிஎன்எஸ் கட்டம் காலியாகவும், கேட்வே கட்டத்தில் இப்போது இல்லாத பழைய ரௌட்டரின் முகவரியும் இருந்தன. ஒரே வலைப்பின்னலுக்குள் இருக்கும் பதிவுக் கருவியோடு பேசுவதற்கு இவை இரண்டும் தேவையில்லை என்பதால், காட்சி மட்டும் வந்துகொண்டிருந்தது. வெளியே இருக்கும் சர்வரின் பெயரை முகவரியாக மாற்றவும், அதை எட்டவும்தான் அவை வேண்டும். இரண்டையும் திருத்திய உடனே சோதனை வெற்றி என்று வந்தது.

இத்தகைய இடத்தில், டிஎன்எஸ்ஸைச் சரிசெய்வதற்குப் பதிலாக, பொது நேர சர்வர் ஒன்றின் ஐபி முகவரியையே நேரடியாக எழுதிவிடலாம் என்று தோன்றும். அதைத் தவிர்ப்பது நல்லது. முகவரிகள் மாறக்கூடியவை என்பது ஒரு காரணம். இன்னொன்று, 2003-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்தது: அதன் நேர சர்வரின் முகவரி வீட்டு உபயோக ரௌட்டர்களுக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டுவிட்டதால், உலகெங்கிலுமிருந்து வந்த கேள்விகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலை வெள்ளம்போல் திணறடித்தன. பெயரைக் கொண்டு கேட்டால், அந்தச் சுமையைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்க நடத்துபவர்களுக்கு வழி இருக்கும்.

கொல்லைப்புறக் கேமராவின் நடத்தை விநோதமாக இருந்தது. சில வேளைகளில் சரியாகவும், சில வேளைகளில் பல நிமிடங்கள் பின்தங்கியும் அது மாறி மாறி நேரம் காட்டியது. இரண்டு எசமானர்களுக்கு ஒரே நேரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தது அந்தக் கேமரா: ஒரு பக்கம் அது தானாக என்டிபி வழியாகச் சரியான நேரத்தை வாங்கியது, மறுபக்கம் பதிவுக் கருவி தன் நேரத்தை அதன்மேல் திணித்தது. தன்னோடு இணைந்த கேமராக்களின் கடிகாரத்தைத் தானே திருத்தும் வழக்கம் பல பதிவுக் கருவிகளுக்கு உண்டு. அந்தக் கருவியின் கடிகாரமே பின்தங்கியிருந்ததுதான் சிக்கலின் வேர். இத்தகைய கடிகாரங்களில் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கும். அது பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி, மாதத்துக்கு ஐம்பது விநாடிக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். அந்தக் கருவியில் என்டிபி அணைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை கணினியின் நேரத்தோடு பொருத்திவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். அமைப்புப் பக்கத்தில் இருக்கும் கணினி நேரத்தோடு ஒத்திசைக்கும் பொத்தான் அந்த ஒரு கணத்துக்கு மட்டுமே உதவும், அதன் பிறகு நேரத்தைப் பேணாது என்பது அந்தப் பக்கத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்காது.

எனவே நேரம் எங்கிருந்து வர வேண்டும் என்று ஒரே வழியை முடிவுசெய்தேன். கேமராக்கள் இணையத்தை நேரடியாகத் தொடுவதை நான் விரும்பவில்லை. எனவே ரௌட்டரின் ஃபயர்வால் என்ற தடுப்பு வசதியில் அதை இப்போது தடுத்துவிட்டேன். ரௌட்டரிலேயே நேர சர்வர் வசதி இருந்ததால், அது மட்டும் இணையத்திலிருந்து நேரத்தை வாங்க, பதிவுக் கருவியும் கேமராக்களும் அதனிடம் என்டிபி-க்கு உரிய யூடிபி 123 என்ற வலைப்பின்னல் வாயிலில் கேட்டுக்கொள்ளும்படி அமைத்தேன். பதிவுக் கருவி கேமராக்களின் நேரத்தைத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டேன். ரௌட்டரில் அந்த வசதி இல்லாதவர்கள் பதிவுக் கருவியையே நேர சர்வராக்கலாம். பதிவுக் கருவியின் பின்புறத் துளைகளில் நேரடியாகச் செருகப்பட்ட கேமராக்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே தனியொரு வலைப்பின்னலில் இருப்பதால், அவற்றுக்கு ரௌட்டர் கண்ணுக்கே தெரியாது. அங்கே இந்த இரண்டாவது வழிதான் பொருந்தும்.

பதிவுக் கருவியின் நேரத்தை மாற்றும் கணம் கவனம் தேவைப்படும் கணம். கடிகாரத்தை முன்னே தள்ளினால் காலக்கோட்டில் ஒரு வெற்றிடம் விழும், அவ்வளவுதான். பின்னே இழுத்தால் ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவுகள் உண்டாகி, தேடும்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடக்கூடும். ஆண்டைத் தவறாக முன்னே இட்டுவிட்டால், இத்தனை நாள்களுக்கு மேற்பட்ட பதிவுகளை அழிக்கவும் என்ற அமைப்பு உள்ள கருவிகள் இருப்பதையெல்லாம் காலாவதியானதாகக் கருதக்கூடும். நான் தேவையான காட்சிகளை முதலில் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, பதிவை நிறுத்தி, நேரத்தை மாற்றி, மீண்டும் தொடங்கினேன்.

நேரம் சரியானதும், சம்பந்தமே இல்லாதது போல் தோன்றிய இன்னொரு தொல்லையும் விலகியது. கடவுச்சொல் சரியாக இருந்தும் பதிவுக் கருவியின் இணைப்பைப் படிக்கட்டுக் கேமரா அவ்வப்போது ஏற்க மறுத்துவந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் ஆன்விஃப் நெறிமுறையில், கடவுச்சொல்லோடு அந்தக் கோரிக்கை உருவான நேரமும் சேர்த்தே அனுப்பப்படுகிறது. இருபுறக் கடிகாரங்களும் வெகுவாக வேறுபட்டால், பழைய கோரிக்கை என்று கருதிக் கேமரா அதைத் தள்ளிவிடும்.

எல்லாம் முடிந்தபின் வீட்டின் மின்சாரத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கேமராக்கள் ரௌட்டரைவிட வேகமாக விழித்துக்கொண்டன. அவை நேரம் கேட்டபோது ரௌட்டருக்கே இன்னும் நேரம் தெரிந்திருக்கவில்லை. அந்த முதல் கேள்வி தோற்றுவிட்டால், அடுத்த கேள்வி அமைப்பில் இருந்த 1440 நிமிட இடைவெளிக்குப் பிறகுதான், அதாவது ஒரு முழு நாள் கழித்துத்தான் போகும். அந்த இடைவெளியை 60 நிமிடமாகக் குறைத்தேன். கேட்பது வீட்டுக்குள் இருக்கும் ரௌட்டரிடம் என்பதால் யாருக்கும் சுமையில்லை. பதிவுக் கருவியில் இருந்த சிஆர் 2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிட்டதால், அது மின்வெட்டுக்குப் பிறகும் நேரத்தை மறப்பதில்லை. படிக்கட்டுக் கேமராவுக்குள் இருக்கும் நினைவக அட்டையில் மட்டும், மின்சாரம் திரும்பிய அந்த முதல் மணி நேரத்தின் காட்சிகள் இன்னமும் 2000-ஆம் ஆண்டின் தேதியின்கீழ் சேமிக்கப்படலாம். அவற்றைத் தேடுபவர் நாள்காட்டியை அந்த ஆண்டுக்குத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.