எலிசபெத் அரசவையைப் படிக்க ஒரு குத்தகையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பில் எங்களுக்கு இங்கிலாந்தின் சமூக வரலாறு ஒரு தாளாக இருந்தது. முதலாம் எலிசபெத்தின் அரசவை பற்றி மாதிரித் தேர்வில் மூன்று பக்கம் எழுதினேன். லெஸ்டர், ஹாட்டன், ராலி, எசெக்ஸ் என்று அரசியின் பிரியத்துக்குரியவர்களில் ஒரு பெயரையும் விடவில்லை. திரும்பி வந்த விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "அரசி எதைக் கொடுத்தார்? அது யாருடைய பணம்?"

அந்த இரண்டு கேள்விகளோடு பாடத்தை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் என் பிழை புரிந்தது. அரசி ஒரு புரவலர் என்றதும் புலவருக்குப் பொற்கிழி கொடுக்கும் மன்னனையே மனத்தில் வைத்துப் படித்திருந்தேன். எலிசபெத் அப்படி வாரி வழங்கியவர் அல்லர். 1591இல் கவிஞர் ஸ்பென்சருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது உண்மைதான். ஆனால் அது அரிதான கொடை. அரசி தம் பிரியத்துக்குரியவர்களுக்குப் பெரும்பாலும் கொடுத்தவை பதவிகளும், பிறரிடம் பணம் வசூலிக்கும் உரிமைகளும்தான். ஒயின் விற்பவர்களுக்கு உரிமம் கொடுத்துக் கட்டணம் வாங்கும் உரிமை 1583இல் ராலிக்குப் போனது. 1598இல் சீட்டுக்கட்டு ஏகபோகம், அதாவது அவர் மட்டுமே வணிகம் செய்யும் உரிமை, எட்வர்ட் டார்சிக்குக் கிடைத்தது. பாரம் முழுவதும் கடையில் பொருள் வாங்குபவர் தலையில். 1601 நாடாளுமன்றத்தில் ஏகபோகங்களின் பட்டியலை வாசித்தபோது, "ரொட்டி அதில் இல்லையா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டாரே, அந்தக் கோபத்தின் வேர் இதுதான்.

எனவே பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே ஒரு சலுகையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். நான் எடுத்தது இனிப்பு ஒயின் இறக்குமதித் தீர்வையை வசூலிக்கும் குத்தகை: அரசுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு மிச்சத்தைக் குத்தகைதாரர் வைத்துக்கொள்வார். முதலில் அது லெஸ்டரிடம் இருந்தது. அவர் 1588இல் இறந்தார்; 1590இல் எசெக்ஸ் கைக்கு வந்தது. எசெக்ஸின் வருமானத்துக்கு அதுவே முதுகெலும்பு.

1599 செப்டம்பர் 28 காலையில் ஒரு கணம் நில்லுங்கள். அயர்லாந்துக்குப் படை நடத்தப் போய் அங்கிருந்து அனுமதியின்றித் திரும்பிய எசெக்ஸ், பயணச் சேறு படிந்த உடையோடு நான்சச் அரண்மனையில் அரசியின் படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டார். அரசி அப்போதுதான் எழுந்திருந்தார்; தலைமுடி முகத்தில் கலைந்து கிடந்தது. இது வெறும் மரியாதைக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள். எட்டாம் ஹென்றியின் அந்தரங்க அறைகளில் ஆண்கள் பணிசெய்தார்கள். மன்னரின் காதருகே நிற்பதே அவர்களுக்குச் செல்வாக்கு. அரியணையில் பெண் அமர்ந்ததும் அந்த இடம் பெண்களுக்குப் போனது. ஆண்கள் வெளியறையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. எசெக்ஸ் மீறியது அந்த எல்லையை.

1600இல் குத்தகைக் காலம் முடிந்தது, அரசி புதுப்பிக்கவில்லை. கடனில் மூழ்கியிருந்த எசெக்ஸ் 1601 பிப்ரவரி 8 அன்று லண்டனில் கலகத்துக்கு இறங்கினார்; 25 அன்று தலை வெட்டப்பட்டது. கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இந்தக் குத்தகையை விட்டுவிட்டால் அவருடைய அவசரம் புரியாது.

ஆண்டுத் தேர்வில் இந்தக் குத்தகையிலிருந்தே விடையைத் தொடங்கினேன். பெயர்கள் தாமாகவே உரிய இடத்தில் வந்து நின்றன. நீங்கள் பயிற்சிக்கு அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) பதவியை எடுத்துப் பாருங்கள்: பிரான்சிஸ் பேக்கனுக்காக எசெக்ஸ் மன்றாடியும் 1594இல் அது எட்வர்ட் கோக்குக்குப் போனது. யார் யாருக்காகப் பேசினார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள்.