பீரோவுக்கு நல்ல தண்ணீர்: மண்டபத்தில் வீட்டுச் சாமான்களைக் கட்டி வைத்த அனுபவம்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான மண்டபத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. கூரைத் தளத்துக் கம்பிகள் துருவேறிப் பருத்து, காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழத் தொடங்கியதால், சென்ற புரட்டாசியில் வீட்டை முழுவதுமாகக் காலி செய்து, சாமான்களை ஆறு மாதம் வெளியே வைக்க வேண்டியதாயிற்று. அருகில் பிடித்த வாடகை வீட்டில் அன்றாடம் புழங்குபவை மட்டுமே கொண்டன. மற்ற அனைத்தும் இராமநாதபுரம் நகரில் சித்தப்பா வீட்டு மாடி அறைக்குப் போயின.

சாமான் கட்டுவது எனக்கு இது இரண்டாம் முறை. 2019-இல் கணவருக்கு வேலை மாற்றம் வந்து ஓராண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனபோது, காற்றுப் புகாமல் கட்டுவதுதான் பாதுகாப்பு என்று நம்பி, மெத்தை முதல் புகைப்படம் வரை எல்லாவற்றையும் பாலிதீன் தாளில் சுற்றி, ஓரங்களில் டேப் ஒட்டி, பீரோவையும் இறுகப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து பிரித்தபோது மெத்தையில் கரும்பூசணம் படர்ந்திருந்தது. பீரோவின் அடித்தட்டு துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தது. அம்மா அப்பாவின் கல்யாணப் படத்தில் கண்ணாடியும் படமும் ஒட்டிக்கொண்டிருந்தன. மெல்ல நகர்த்திப் பார்க்கலாம் என்று நினைத்து ஒரு மூலையைத் தூக்கியதும், அம்மாவின் நெற்றிச்சுட்டியும் வலக்கண்ணும் கண்ணாடியோடு போய்விட்டன. அப்படி ஒட்டிய படத்தைப் பிரிக்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுத்துக்கொள்ள வேண்டும் என்று இராமநாதபுரத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் பிறகுதான் சொன்னார்.

ஆகவே இந்த முறை கட்டத் தொடங்கும் முன் அப்பத்தாவைக் கேட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் எழுந்துபோய், பீரோவின் மேல்தட்டை விரலால் வழித்து என்னிடம் நீட்டினார். "நாக்குல வச்சுப் பாரு தாயி. கரிக்குதுல்ல? அந்த உப்ப உள்ள வச்சுப் பூட்டுனா, அது எங்கேருந்தாவது தண்ணிய இழுத்துக்கிட்டேதான் இருக்கும்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும்; கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதைவிட வெகு குறைந்த ஈரத்திலேயே நீரை இழுத்துவிடும். பொருளின் மேல் படிந்த உப்போடு அதைக் காயவைத்துக் கட்டினால், அன்றைக்குக் காய்ந்திருப்பது போலத் தோன்றினாலும், மழைக்காலக் காற்று பட்டதும் உள்ளே மீண்டும் ஈரம் ஊறிவிடும். பாலிதீன் இதை இன்னும் மோசமாக்குகிறது. பகலில் சூடாகி ஆவியாகும் ஈரம் வெளியேற வழியில்லாமல், இரவுக் குளிரில் தாளின் உட்புறம் முத்து முத்தாகப் படிந்து பொருளின் மேலேயே சொட்டுகிறது.

எனவே முதல் வேலை துடைப்பது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். அதைக் கொண்டு துடைத்தால் ஓர் உப்பை எடுத்து இன்னோர் உப்பைப் பூசுவதாகத்தான் முடியும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் பிடித்ததும் குடம் குடமாக விலைக்கு வாங்கியதும் சேர்த்து, நான்கு நாட்கள் நல்ல தண்ணீரிலேயே பீரோ, கட்டில் கம்பிகள், தையல் மெஷின், மின்விசிறி இறக்கைகள் எல்லாவற்றையும் இரண்டு முறை துடைத்தோம். பீரோவுக்கு நல்ல தண்ணீரா என்று பக்கத்து வீட்டு மதினி சிரித்தார். ஒவ்வொரு முறையும் காய்ந்த பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் மறுபடியும் துடைப்பேன். மருந்து, பெயின்ட், எலிப்பாஷாணம் போன்றவை இருந்த தட்டுகளில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. இரும்புப் பகுதிகள் நன்றாக உலர்ந்ததும் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தோய்த்துப் பூசினோம். கீல்களுக்குக் கிரீஸ் வைத்தோம்.

நாளையும் நேரத்தையும் அப்பத்தாவே குறித்தார். பஞ்சாங்கம் பார்த்து அல்ல. ஆடிக் காற்று அடிக்கும்போது தெற்கே ஆண் கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து உப்பும் மணலும் சேர்ந்து வீட்டுக்குள் வரும் என்பதால், அப்போது துடைத்துக் கட்டுவது வீண். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. எங்கள் மாவட்டத்துக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அப்போதுதான் பெய்யும். இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்களில், உச்சி வெயில் சாய்ந்து மூன்று மணிக்குள் மட்டுமே பெட்டிகளை மூடினோம். பொருள் வெயிலின் சூட்டோடு இருக்கையில் மூடாமல், நிழலில் அரைமணி நேரம் ஆறவைத்து மூடியது முக்கியம்.

துணிகளில் பட்டுப் புடவைகளுக்கே அதிகப் பாடு. கஞ்சி போடாமல் அலசிய பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, ஒவ்வொரு புடவையையும் தனியே சுற்றினேன். கஞ்சி இருந்தால் அதைத் தின்னவே இராமபாணப் பூச்சி வரும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், துணியில் முடிந்து பெட்டியின் மேல்பக்கம் வைப்பதே பயன் தரும். அந்துருண்டையையும் கற்பூரத்தையும் ஒரே பெட்டியில் போட்டால், எங்கள் ஊர்ச் சூட்டில் இரண்டும் கலந்து இளகி எண்ணெய்க் கறையாகிவிடும். என் நாத்தனாரின் கூறைப்புடவை அப்படித்தான் போயிற்று. பச்சைக் குழந்தைகளின் துணியில் மட்டும் அந்துருண்டையே வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அவற்றுக்கு வசம்பும் சருகாகக் காய்ந்த வேப்பிலையும் வைத்தேன். பச்சை வேப்பிலையை அப்படியே போடுவோரைப் பார்த்திருக்கிறேன். அது பெட்டிக்குள் ஈரத்தைக் கொண்டுபோய் வைப்பதுதான்.

பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு ஆகியவற்றைப் புளியிட்டு விளக்கிய பின், புளிச்சாறு ஒரு துளிகூடத் தங்காமல் அலச வேண்டும். தங்கினால் அந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். வெள்ளிச் சாமான்களை ரப்பர் பேண்டில் கட்டக் கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பருத்தித் துணியில் சுற்றி நூலால் கட்டினேன்.

ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்பே அணைத்து, உள்ளே துடைத்துக் காயவிட்டு, கதவு மூடிக்கொள்ளாதபடி துண்டைச் சுருட்டி இடையில் வைத்துக் கட்டினோம். வாஷிங் மெஷினில் தேங்கிய நீரை வடித்தோம். மிளகாய், அரிசி, பருப்பு எதையும் கட்டவில்லை. பத்திரமும் பட்டாவும் எந்தப் பெட்டியிலும் போகாமல் என் கைப்பையிலேயே இருந்தன. அவற்றை லேமினேட் செய்யச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்காதது நல்லது. அந்தச் சூட்டில் ஒட்டிய தாளைப் பிறகு பிரிக்க முடியாது.

ஏற்றும் நாளில்தான் விபத்து நடந்தது. குட்டியானை வண்டியில் வந்த இளைஞர்கள், நான் உள்ளே இருந்த ஐந்து நிமிடத்தில், பீங்கான் பாத்திரங்கள் இருந்த அட்டைப் பெட்டியின் மேல் கிரைண்டரை ஏற்றிவிட்டார்கள். பெட்டியின் மேல் "கண்ணாடி" என்று எழுதியிருந்தேன். ஆனால் எழுத்து சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. நான்கு பக்கமும் எழுதாதது என் தவறு. ஆறு தட்டுகள் போயின. தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், வைக்கோலுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்தியிருந்ததால் மற்றவை தப்பின.

சித்தப்பா வீட்டு மாடி அறையில் எதையும் தரையில் வைக்கவில்லை. செங்கல் அடுக்கி அதன் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் இடைவெளி விட்டு அடுக்கினோம். அந்த இடைவெளி காற்றுக்காக மட்டுமல்ல, கரையானுக்காகவும்தான். சுவரோடு ஒட்டினால் அதன் மண்கோடு பெட்டிக்குப் பின்னால் ஏறுவது கண்ணில் படாது. மேலே பாலிதீனுக்குப் பதில் பழைய பருத்திப் போர்வைகளை மூடினோம். பீரோவுக்குள்ளும் புகைப்படப் பெட்டிக்குள்ளும் மட்டும் சிலிக்கா ஜெல் பைகள் வைத்தேன். நீல மணிகள் ஈரம் குடித்தால் வெளிர்சிவப்பாகும். மார்கழியில் ஒரு நாள் போய்ப் பார்த்தபோது அவை நிறம் மாறியிருந்தன. புதிய பைகளை வைத்து, புடவைகளின் மடிப்பை மாற்றி மடித்துவிட்டு வந்தேன்.

பங்குனிக் கடைசியில் பெட்டிகளைப் பிரித்தோம். துருவோ பூசணமோ இல்லை, ஒரே ஒரு பெட்டியைத் தவிர. அது கடைசி நாள், விளக்கு வைத்த பிறகு, இதையும் முடித்துவிடலாம் என்ற அவசரத்தில் நான் கட்டிய புத்தகப் பெட்டி. பக்கங்கள் அலையலையாக நெளிந்து, மொச்சை ஊறவைத்த வாடை அடித்தது.

தளமும் பூச்சும் புதியவை என்பதால், அவை விடும் ஈரம் அடங்கட்டும் என்று சாமான்களை வீட்டுக்கு ஏற்றுவதையும் மேலும் மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். கடைசியாக பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்தினோம். ஒரு வாரம் கழித்து மேல்தட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. நல்ல தண்ணீர்க் குடத்தை எடுத்து வரப் போனேன்.