இலாம் தேயிலைக்குச் சொந்தப் பெயர் வேண்டும்

ஊர் திரும்பி மூட்டையை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. தேயிலைப் பொட்டலங்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கிழக்கு நேபாளத்தின் இலாமுக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆசை. ஆனால் மனசு முழுக்கத் தேயிலைதான் இருக்கிறது. வரிசை முன்னே பின்னே இருக்கும்.

சிலிகுரிவரை ரயில். அங்கிருந்து நம் எல்லை ஊரான பானிடங்கி, மேச்சி ஆற்றுப் பாலம், அக்கரையில் நேபாளத்தின் காக்கர்பிட்டா. நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். பணத்தை நூறு ரூபாய்த் தாளாகக் கொண்டுபோங்கள். நம்முடைய 100 ரூபாய்க்கு அங்கே 160 நேபாள ரூபாய். பல வருடங்களாக மாறாத கணக்கு இது.

அந்தக் கணக்கில்தான் ஜீப்காரர் கைவைத்தார். காக்கர்பிட்டாவைத் தாண்டி வரும் பிர்தாமோடு ஊரில் ஷேர் ஜீப் ஏறும்போது "ஐந்நூறு" என்றார். இலாமில் இறங்கும்போது "ஐ.சி. ஐந்நூறு" என்கிறார். ஐ.சி. என்றால் அங்கே இந்தியப் பணம். பக்கத்தில் உட்கார்ந்து வந்த அக்கா நேபாள ரூபாயில் 500 கொடுத்துவிட்டு இறங்கிப் போகிறார்; என்னிடம் மட்டும் 800! இது பகல் கொள்ளை. 320 இந்திய ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தர மாட்டேன் என்று நடுத்தெருவில் நின்றேன். கடைக்காரர்கள் எனக்காகப் பேச வந்த பிறகுதான் வாங்கிக்கொண்டார். வண்டியில் கால் வைக்கும் முன்பே "நேபாளியா, ஐ.சி.யா?" என்று கேட்டுவிடுங்கள்.

வழியில் கன்யாம் தோட்டம் அழகுதான். ஆனால் குதிரைச் சவாரியும் செல்ஃபிக் கூட்டமுமாக ஒரே இரைச்சல். அடுத்து வரும் ஃபிக்கல் சந்தையில் இறங்கிவிடலாம். அங்கே சாப்பிட்ட தால் பாத்தை நினைத்தால் இப்போதும் நாக்கு ஊறுகிறது. சோறு, பருப்பு, கீரை, குந்த்ருக் என்ற புளிக்கவைத்து உலர்த்திய கீரை, ஓரத்தில் உருண்டையான அக்பரே மிளகாய் ஊறுகாய். அந்த மிளகாயின் காரம் காது வரை ஏறும், வாசனையோ அதைவிடப் பிரமாதம். சோறும் பருப்பும் போதும் போதும் என்கிற வரை போட்டார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. என் பட்ஜெட்டைக் காப்பாற்றியது அந்தச் சாப்பாட்டுக் கடைதான்.

சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்னத் தொழிற்சாலைக்குள் போனேன். கூடையில் வந்த கொழுந்தை வலைத்தட்டில் பரப்பி இரவெல்லாம் வாட்டுகிறார்கள். பிறகு உருட்டும் இயந்திரம். அதன்பின் ஈரக்காற்றில் பரப்பி, பச்சை செம்பு நிறமாகும் வரை காத்திருப்பு. கடைசியில் சூட்டில் உலர்த்தல். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ கொழுந்து போகிறது. இது இலை உருக் குலையாத ஆர்த்தடாக்ஸ். கீழே ஜாபா சமவெளியில் செய்வது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும், பால் டீக்கான சி.டி.சி.; நேபாளத்தில் அதுதான் அதிகம்.

ஐப்பசிக் கொழுந்தில் போட்ட டீயைப் பாலில்லாமல் கொடுத்தார்கள். தேன் நிறம், பழவாசனை, தொண்டையில் துளிக் கசப்பில்லை. நான் குடித்த கறுப்புத் தேநீரில் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை.

இவ்வளவு நல்ல சரக்கை உலகத்துக்குத் தெரியாமல் வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இலாமில் 1863இலேயே கஜராஜ் சிங் தாபா தேயிலை நட்டுவிட்டார். அப்படியும் இன்று நாடு முழுக்க விளைவது ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி கிலோதான். இந்தியாவிலோ சுமார் 130 கோடி கிலோ. அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பகுதி மேச்சிப் பாலம் தாண்டி நம் நாட்டுக்குத்தான் வருகிறது. வாணிப ஒப்பந்தப்படி அதற்குச் சுங்க வரி இல்லை.

வரி இல்லையே தவிர, விதிகள் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சோதனைக்கு எல்லையில் மாதிரி எடுப்பார்கள். முடிவு வர நாளானால் லாரி நிற்கும், சரக்குக்கான பணம் நிற்கும், கடைசியில் கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியின் கொழுந்து விலை அடிவாங்கும். பசுந்தேயிலை விலைக்காக நம் நீலகிரியின் சிறு விவசாயிகள் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூச்சிமருந்துச் சோதனை அவசியம். ஆனால் அதைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்க வேண்டியதும் அரசின் கடமை.

நேபாளத் தேயிலையைத் தங்கள் பெயரில் விற்கிறார்கள் என்ற டார்ஜிலிங்காரர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. 2004இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அவர்களுடையது. 87 தோட்டங்களுக்கு மட்டுமே உரியது. 2017இல் கூர்க்காலாந்து கேட்டு 104 நாள் கடையடைப்பு நடந்தபோது அங்கே பறிப்பே நின்றுபோனது, அந்த இடைவெளியில் நேபாளச் சரக்கு நுழைந்தது. ஒரே மலைத்தொடர், ஒரே மாதிரிச் செடி. கலந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். 2021இல் இந்தியத் தேயிலை வாரியம் கண்டிப்பாக உத்தரவு போட்டது: இறக்குமதித் தேயிலை எந்த நாட்டுடையது என்று பில்லிலேயே எழுத வேண்டும், டார்ஜிலிங்கோடு கலக்கக் கூடாது. நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்கும் அதே காவல் உண்டு. முழுமனதாக வரவேற்கிறேன். அடுத்தவன் பெயரில் விற்றால் டார்ஜிலிங்குக்கும் நஷ்டம், இலாமுக்கும் நஷ்டம். இலாம் என்றே அச்சடித்து நம் கடைகளிலும் விற்கட்டும், நான் முதல் ஆளாக வாங்குவேன்.

விலை சொல்ல மறந்தேனே: ஐப்பசிச் சரக்கு 100 கிராம் 400 நேபாள ரூபாய், நம் பணத்தில் 250. இந்தத் தரத்துக்கு இது கொள்ளை மலிவு. வீட்டுக்கு நாலைந்து பொட்டலம் கொண்டுவந்தேன், எல்லையில் பையைத் திறந்து பார்த்து அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தின் பெயரும் பறித்த பருவமும் போட்ட பொட்டலமாக வாங்குங்கள். கன்யாம் சாலையோரக் கடைகளில் பெயரில்லாத கவரில் தரும் தூளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். முதல் கொழுந்து வேண்டுமென்றால் மார்ச் கடைசியில் போங்கள், விலை கூடுதலாக இருக்கும். இலாம் பஜாரில் அறை வாடகை எனக்கு 1,000 நேபாள ரூபாய் ஆனது. வெந்நீர் வருமா என்று குழாயைத் திறந்து பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.