கான்வி (வேல்ஸ்), ஈஸ்டர் லீவு

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்றும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 8, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பில் நம்பர் தெரியாது. நாம் திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை. குளிக்கப் போனால் போனை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். "நாளைக்குக் கான்வி போறோம். வீட்டுல இருந்தா அதையே பார்த்துட்டிருப்பே" என்றார் இவர். அங்கே போனாலும் பார்ப்பேன்.

ஏப்ரல் 9, வியாழன்

கான்வி கோட்டைக்கு எட்டு கோபுரம். கீழே நின்றால் ஒன்றிலும் சிக்னல் இல்லை.

இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டு 1283-இல் ஆரம்பித்து நாலைந்து வருடத்தில் முடித்த கோட்டை. ஊர் மதிலும் சேர்த்து ஏறக்குறைய 15,000 பவுண்டு. வேல்ஸ்காரர்களை அடக்கி வைக்கக் கட்டியது. அத்தைக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. "சமையல்கட்டு எங்கே?" என்று கேட்டு, பிறகு கிணற்றடியிலேயே நின்றுவிட்டார். 28 மீட்டர் ஆழம். பாறையை வெட்டியிருக்கிறார்கள்.

1665-இல் கூரை ஈயத்தைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்களாம். மரமெல்லாம் மழையில் மக்கிப் போயிற்று. கோபுரத்துக்குள் நின்று அண்ணாந்தால் மாடிகள் இல்லை; கணப்படுப்பு மட்டும் சுவர் நடுவில், தரையில்லாமல், அந்தரத்தில். யாரோ குளிர்காய்ந்த இடம். அதைப் பார்த்து எனக்கு ஏன் அழுகை வரவேண்டும்?

சின்னவன் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினான், பாதியில் விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து. உச்சியில் நல்ல காற்று. கீழே ஆறு, என்ஜினீயர் டெல்ஃபோர்டின் 1826 தொங்குபாலம், பக்கத்திலேயே ரயில்பாலம். சிக்னல் முழுசாக வந்தது. வேறொன்றும் வரவில்லை.

வேல்ஸ்காரர் மடோக்கின் கலகத்தில் எட்வர்டே இங்கே மாட்டிக்கொண்டாராம், 1294 டிசம்பரில். கடல்வழியாக மட்டும்தான் சாமான் வரும். தான் கட்டிய கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்து கப்பலுக்குக் காத்திருக்கிறார் மகாராஜா. நன்றாக வேண்டும். ஆனாலும் அவருக்கு எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்றாவது தெரியும்.

கார் நிறுத்திய இடத்தில் பார்த்தேன்: 2.40-க்கு ஒரு மிஸ்டு கால். நம்பர் இல்லை.

வழியெல்லாம் நான் பேசவில்லை. சின்னவன் மட்டும், "ராஜா கக்கூஸ் நேரா வெளியே விழுமா?" என்று திரும்பத் திரும்ப. விழும் கண்ணா.

ஏப்ரல் 9, இரவு

விளம்பரக்காரனாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

9.15-க்குக் கூப்பிட்டார்கள். நேற்றும் அவர்கள்தானாம். திங்கள் காலை வரவேண்டும், கூட ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள். போனில் எதுவும் சொல்ல மாட்டார்களாம். மூன்று தரம் கேட்டேன். இவர் திங்களுக்கு லீவு சொல்லிவிட்டார். பிள்ளைகளை அத்தை பார்த்துக்கொள்வார்; எதற்கென்று அவரும் கேட்கவில்லை.