பன்னிரண்டு கிணறுகள், ஒரு பக்கம்

நிலத்தடி நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்த புதிதில், பன்னிரண்டு கிணறுகளுக்கும் மாதந்தோறும் வரைபடம் போடுவது என் வேலை. கிணற்றுக்கு ஒரு படக்கோப்பு. அவற்றை வேர்டில் ஒட்டிச் சுருக்கி வரிசைப்படுத்துவதற்குள் மதியம் போய்விடும். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று அடுத்த பக்கத்துக்கு ஓடும்.

ஒருநாள் திட்டத் தலைவர், "அறிக்கையில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. பன்னிரண்டையும் ஒரே படமாகக் கொடுங்கள்" என்றார்.

நாங்கள் பயன்படுத்தியது க்னூபிளாட். கட்டளை கொடுத்தால் வரைபடம் போடும், 1986 முதல் இருக்கும் மென்பொருள். பெயரில் க்னூ இருந்தாலும் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தோடு அதற்கு உறவில்லை. பல படங்களை ஒரே பக்கத்தில் கட்டங்களாக அடுக்க 'செட் மல்டிபிளாட் லேஅவுட் 4,3' என்று கொடுத்தேன். நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று என்று திரையில் எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. பிறகு டெர்மினலை, அதாவது படம் வெளிவரும் வடிவத்தை, திரையிலிருந்து பிஎன்ஜி படக்கோப்புக்கு மாற்றி, கோப்புப் பெயரைச் சொல்லி, மீண்டும் வரையச் சொல்லும் 'ரீபிளாட்' அடித்தேன். திறந்து பார்த்தால் பன்னிரண்டாம் கிணறு மட்டும் படம் முழுக்கப் பரந்து கிடந்தது. மூன்று முறை செய்தும் அதே கிணறுதான்.

எங்களிடம் இருந்த பழைய பதிப்பில் ரீபிளாட்டுக்குக் கடைசியாக வரைந்தது மட்டுமே நினைவிருக்கும். 6ஆம் பதிப்பில் அது மல்டிபிளாட் முழுவதையும் மீண்டும் வரைகிறது. அன்று அந்தக் கொடுப்பினை இல்லை. முதலில் டெர்மினல், அடுத்து கோப்புப் பெயர், அதன் பிறகே மல்டிபிளாட் என்ற வரிசையில் போக வேண்டும். முடிவில் மல்டிபிளாட்டை விலக்கி, கோப்பையும் மூட வேண்டும். மூட மறந்து, திறக்காத படத்தோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியது தனிக் கதை.

அடுத்த தலைவலி அளவு. தானாக வருவது 640க்கு 480 புள்ளிகள். அதில் பன்னிரண்டைத் திணித்தால் அச்சு எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அளவை 2400க்கு 3200 ஆக்கினேன், எழுத்து எறும்பாகிவிட்டது. எழுத்தையும் பெரிதாக்கிய பிறகே படிக்க முடிந்தது.

அச்செடுத்த தாளைத் தலைவர் வெகுநேரம் பார்த்தார். "ஐந்தாம் கிணறும் எட்டாம் கிணறும் ஒரே மாதிரி இறங்குகின்றனவே?" என்றார். அப்போதுதான் செங்குத்து அச்சின் எண்களைக் கவனித்தேன். மென்பொருள் ஒவ்வொரு கட்டத்துக்கும் தானே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டிருந்தது. எட்டாவதில் எட்டு மீட்டர் இறக்கம். ஐந்தாவதில் நாற்பது சென்டிமீட்டர்! தனித்தனிப் படங்களாக இருந்தவரை யார் கண்ணிலும் இது படவில்லை.

எல்லாக் கட்டங்களுக்கும் செங்குத்து அச்சின் எல்லையை 'செட் ஒய்ரேஞ்ச் [20:0]' என்று பொதுவாக வைத்தேன். ஆழம் என்பதால் பூச்சியம் மேலே. ஐந்தாம் கிணறு ஏறக்குறைய நேர்கோடாகப் படுத்துவிட்டது. முந்தைய மாத அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். "ஐந்தாம் கிணற்றில் கடுமையான சரிவு" என்று இருந்தது. எழுதியவன் நான்தான். அன்று மாலை திருத்தக் குறிப்பு எழுதிக் கையெழுத்துக்கு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.